தலவிலவில் தலைகாட்டுவது எப்படி

கம்பனியிலிருந்து வந்த மின்னஞ்சல் மூன்றே வரி. இணையத்தளத்தைப் புதுப்பிக்கிறார்களாம். எல்லாரும் ஆளுக்கொரு ‘புரொபெஷனல் ஹெட்ஷொட்’ அனுப்ப வேண்டுமாம். பதினைந்து நாள் தவணையாம். முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவனின் தலை யாருக்கு எதற்கு என்று அதில் இல்லை. மன்னாரில் வளர்ந்தவன் நான். ஹெட் என்றால் தலை, ஷொட் என்றால் சூடு என்று படித்த தலைமுறை. இரண்டையும் சேர்த்து வாசித்ததும் கை தானாகவே கழுத்தைத் தடவியது.

தங்கையின் மகன் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். “அடுத்த கிழமை தலவிலவுக்குத்தானே போறம் மாமா, அங்கை எடுப்பம். கடற்கரை வெளிச்சம் சோக்காயிருக்கும். உங்களுக்குக் கூச்சமும் தெரியாது.”

கூச்சம் தெரிந்தது. அங்கே இரண்டு நாளில் செய்யக்கூடிய பிழைகளில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் செய்து முடித்தேன். ஆகவே இந்தத் துறையில் யோசனை சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி ஒரு மின்னஞ்சல் வந்து வயிற்றைக் கலக்கினால் கீழே உள்ளபடி செய்யுங்கள். செய்யாமல் விட்டாலும் குறையில்லை.

கண்ணாடியோடு பேச்சை நிறுத்துங்கள்

முதல் வேலையாக எல்லாரும் செய்வது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் சிரித்துப் பார்ப்பது. நானும் செய்தேன். மூன்று சிரிப்புத் தயாரித்தேன்: கடன் கேட்கப் போகும் சிரிப்பு, சம்பந்தி வீட்டுச் சிரிப்பு, பல் காட்டாத கண்ணியச் சிரிப்பு. மூன்றாவதை மனைவியிடம் காட்டியபோது, “பல்லுக் குத்துதோ?” என்று கேட்டுக் கராம்பு எடுத்துத் தந்தாள்.

கண்ணாடியில் பழகுவதில் ஒரு மோசடி உண்டு. அங்கே தெரிவது இடம்வலம் மாறிய முகம். ஐம்பது வருடமாக அதைத்தான் ‘நான்’ என்று பழகியிருக்கிறோம். கமரா காட்டுவது மற்றவர்கள் பார்க்கும் முகத்தை. வகிடு மறுபக்கம் போய்விடும், மூக்கு எதிர்ப்பக்கம் சாயும், யாரோ தூரத்து உறவினன் நம்முடைய சேட்டைப் போட்டுக்கொண்டு நிற்பது போல் இருக்கும். 1977இல் மிற்றா, டேர்மர், நைற் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரே படத்தை நேராகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் அச்சடித்துக் காட்டினால், படத்தில் இருப்பவர்கள் கண்ணாடிப் பிம்பத்தையே பெரும்பாலும் விரும்பினார்கள். அவர்களின் நண்பர்களோ நேர்ப்படத்தை விரும்பினார்கள். உங்கள் படம் உங்களுக்குப் பிடிக்காமல் போவது உங்கள் முகத்தின் குற்றமில்லை. அது பழக்கமில்லாத முகம், அவ்வளவுதான்.

கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டி ஒத்திகை பார்ப்பது அதைவிட ஆபத்து. 12 அங்குலத்திலிருந்து எடுத்தால் மூக்கு ஏறத்தாழ 30 வீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க முகச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஐந்தடி தள்ளி நின்று எடுத்தால் அந்த வீக்கம் வடிந்துவிடும். மூக்கைப் பற்றி ஒரு இரவு முழுவதும் கவலைப்பட்டபின் இது எனக்குத் தெரியவந்தது. அந்த இரவை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

சேட்டைப் பற்றி

தலவிலவுக்குப் போவதென்றால் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போவது. அங்குள்ள அன்னம்மாள் கோயிலில் வருடத்தில் இரண்டு பெருவிழா, மார்ச்சில் ஒன்று, ஜூலை–ஆகஸ்டில் மற்றது. புனித அன்னம்மாளிடம் நேர்த்தி வைத்தவர்கள் தமிழர், சிங்களவர் என்றில்லாமல் பாய், பானை, தறப்பாள், கைக்குழந்தை எல்லாவற்றோடும் வந்து கூடாரம் அடித்துக் கிடப்பார்கள். எங்கள் ஹயஸ் வானில் பதினான்கு பேர், இரண்டு மூட்டை அரிசி, ஒரு ஆட்டுக்குட்டி அளவு தேங்காய். இந்தக் கூட்டத்துக்கு நடுவே, அயன் பண்ணிய வெள்ளைச் சேட் ஒன்றை ஹாங்கரில் கொழுவி யன்னலோரம் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். அனுராதபுரம் தாண்டும்போது அதில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

புத்தளம் கழிந்து பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பினால் நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி கண்ணில் படும். முந்நூறு முந்நூறாக மூன்று, மொத்தம் 900 மெகாவாற். நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கிற இடம். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், கூடாரத்து மணலில், ஒரு சேட்டை அயன் பண்ண ஒரு பிளக் இல்லாமல் நின்றேன்.

இதற்குக் கைவைத்தியம் இரண்டு. ஒன்று, நீவி மடித்துப் பாயின் கீழ் வைத்து, பாரமான ஒரு உறவினரை அதன்மேல் படுக்க வைப்பது. மற்றது, கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து அதன் அடியால் இழுப்பது. இரண்டாவதைச் செய்வதானால் கேத்தலை விறகடுப்பில் வைக்கக் கூடாது. நான் வைத்தேன். மூன்றாவது பொத்தானுக்குக் கீழே, இலங்கைப் படத்தின் வடிவில், கரி. மருமகன் பதறவில்லை. “தலைப்படம்தானே மாமா, நெஞ்சோடை வெட்டிப்போடுவன்” என்றான். இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டாவது பொத்தானுக்குக் கீழே நீங்கள் சாரம் கட்டியிருந்தாலும் உலகத்துக்குத் தெரியாது. கட்டியிருந்தேன்.

காற்றோடு வழக்காடாதீர்கள்

அந்தக் கரையில் ஜூலை மாதம் சோளகம் அடிக்கும். இந்தக் காற்றை நம்பித்தான் மாம்புரியில் காற்றாலை நட்டிருக்கிறார்கள். கற்பிட்டிக் களப்பில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீர்மேல் ஓடுவதும் இதே காற்றில். கோடிக்கணக்கில் முதல் போட்டவர்கள் நம்புகிற காற்றை ஐந்து ரூபாய்ச் சீப்போடு எதிர்க்கலாமென்று நான் நினைத்தேன்.

நாற்பது தாண்டிய ஆண்களில் பலர் தலையில் ஒரு ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும். இடப்பக்கத்து முடி கொஞ்சம் நீளமாக வளர்ந்து, நடுவிலுள்ள வெட்டவெளியைக் கடந்து, வலப்பக்கத்தில் போய்ச் சேரும். மழை, பஸ் யன்னல், மின்விசிறி எல்லாவற்றிலும் அந்த ஒப்பந்தம் தாக்குப்பிடித்திருந்தது. தலவிலக் கடற்கரையில் இறங்கிய முதல் நிமிடத்திலேயே அது கிழிந்தது. நீளமான பக்கம் எழும்பி நின்று வானத்துக்குக் கை அசைத்தது. பின்னால் விளையாடிக்கொண்டிருந்த சிங்களப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தேங்காய் எண்ணெய் வைத்து அமர்த்திப் பார்க்கலாம் என்று தோன்றும். கடற்கரையில் எண்ணெய் வைத்த தலை பத்து நிமிடத்தில் மணல் தூவிய ஒடியல் மாதிரி ஆகிவிடும். காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் முடி தானே பின்னால் போகும், அதுதான் முறை என்று மருமகன் சொன்னான். முறைதான். ஆனால் சோளகம் வருவது கடல் பக்கமிருந்து, கடல் இருப்பது மேற்கில், பின்னேரச் சூரியன் இருப்பதும் மேற்கில். முடி படிந்தது, கண் மூடிக்கொண்டது. முதல் இருபது படத்திலும் தேசிக்காய் கடித்தவன் மாதிரி இருக்கிறேன்.

நிழல் தேடும்போது நிறத்தைப் பாருங்கள்

முகத்துக்கு வெயில் ஆகாது, நிழல்தான் வேண்டும். வெளிச்சம் உள்ளே வரும் நிழலின் ஓரத்தில், வெளியே பார்த்து உட்கார வேண்டும். கலியாணப் படக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. எங்களிடம் இருந்த நிழல் தறப்பாள் நிழல். நீலத் தறப்பாள். எடுத்து முடித்துத் திரையில் பார்த்தால், அன்னம்மாள் சந்நிதியில் ஒரு கிருஷ்ண பரமாத்மா குந்திக்கொண்டிருக்கிறார். தறப்பாள் ஊடாக வரும் வெளிச்சமும் அதில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் அதன் நிறத்தையே முகத்தில் பூசிவிடும். பக்கத்துக் கூடாரம் செம்மஞ்சள், அங்கே போனால் மஞ்சள்காமாலை.

மாற்று, வெள்ளையாக ஏதாவது ஒன்றை நாடிக்குக் கீழே பிடிப்பது. கண்ணுக்கடியில் உள்ள கருவளையத்தையும் அது கொஞ்சம் துடைத்துவிடும். ஸ்டூடியோவில் அதற்கென்று பலகை இருக்கிறது. கடற்கரையில் மீன் பெட்டியின் ரெஜிபோம் மூடி இருக்கிறது. வாடியில் நின்ற ஒருவரிடம் மருமகன் கேட்டு வாங்கிவந்தான். வெளிச்சம் அருமையாக விழுந்தது. ஆனால் முகத்துக்கு அரை முழம் தள்ளி நேற்றைய கும்பிளா மணத்துக்கொண்டிருக்க, மேன்மையான நிறுவனத்தின் சிரேஷ்ட கணக்காளர் போல் மூக்கை வைத்திருப்பது தனிக் கலை.

கோயில் பக்கம் மட்டும் போகாதீர்கள். அந்த முதிரைத் தூண்கள் எந்தப் படக்காரனையும் இழுக்கும், எங்கள் பையனையும் இழுத்தன. போய்ப் பார்த்தோம். தூணில் நெற்றியை வைத்து ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள், பக்கத்தில் காலில் கட்டுப்போட்ட பிள்ளை. கமராவைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

இயல்பாக இருக்க முயலாதீர்கள்

படக்காரர் வாயில் வரும் சொற்களில் மிகக் கொடியது, “இயல்பா இருங்கோ”. சொன்ன மறுகணமே கை எங்கே வைப்பதென்று தெரியாது. இவ்வளவு காலமும் கை எங்கே இருந்தது? எச்சில் விழுங்குவது எப்படி? கண் இமைப்பது தன்னால் நடக்குமா, நாம்தான் செய்ய வேண்டுமா?

இந்தக் கட்டளை இதே மேற்குக் கரையில் 1877இலேயே பிறப்பிக்கப்பட்டிருக்கிறது. ஜூலியா மார்கரெட் கமரொன் என்ற பெயர் படக்கலை படித்தவர்களுக்குத் தெரியும். டெனிசன், டார்வின் முதலியோரை உட்கார வைத்து எடுத்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து களுத்துறையில் இருந்தார், 1879இல் இங்கேயே இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில். அவரைப் பார்க்க வந்தவர் மரியான் நோர்த், செடிகொடி வரைந்து புகழ்பெற்ற ஓவியர். வந்தவரைச் சும்மா விடவில்லை. கம்பளித் துணியைச் சுற்றிவிட்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்தும்படி நிறுத்தி, உச்சிவெயில் கண்ணில் அடிக்க, மிக இயல்பாக இருக்கும்படி சொன்னாராம். வெப்பமானி அப்போது 96 பாகை பரனைற் காட்டியது என்பதையும் நோர்த் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். வாசித்தபோது எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. அவருக்காவது மீன் பெட்டி இருக்கவில்லை.

இயல்பு வராது, ஆனால் சில தந்திரங்கள் வரும். நியூயோர்க்கில் தலைப்படம் எடுத்தே பெயர் வாங்கிய பீற்றர் ஹேர்லி என்பவர் இரண்டு சொல்கிறார். நெற்றியைக் கமரா பக்கம் கொஞ்சம் நீட்டி நாடியைச் சற்றே இறக்கினால் இரட்டை நாடி ஒற்றையாகும். ஆமை ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல் உங்களுக்கு இருக்கும், படத்தில் அப்படித் தெரியாது. மற்றது, பயந்தால் கண் அகல விரியும், ஆகவே கீழ் இமையை இம்மியளவு சுருக்க வேண்டும். மேல் இமை மிகச் சிறிதே இறங்கலாம். எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் வரும். சந்தேகப்படுகிற ஆமையாக ஆறு படம் இருக்கிறது.

சிரிப்பு வேறு கதை. டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு கிழவரின் முகத்தில் மின்சாரம் பாய்ச்சித் தசை தசையாக ஆராய்ந்து 1862இல் புத்தகம் போட்டார். வாயோரத்துத் தசை நாம் சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ளது உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்பது அவர் கண்ட முடிவு. மனைவி கராம்பு தந்ததற்கு விஞ்ஞானக் காரணம் அது.

மதவாச்சியை இறக்கி வையுங்கள்

இந்தப் பகுதி எல்லாருக்கும் தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்குத் தெரியும்.

அறுபதாவது படமோ எழுபதாவதோ, மருமகன் கமராவை இறக்கினான். “மாமா, ஒண்டு கேக்கட்டே? பேசிக்கொண்டிருக்கேக்கை நல்லாத்தான் இருக்கிறியள். நான் கமராவைத் தூக்கினவுடனே ஏன் ஐசி முகம் வைக்கிறியள்?”

ஐசி முகம். அவன் வைத்த பெயர்தான், ஆனால் கேட்டதும் எனக்கு என்னவென்று விளங்கிவிட்டது.

என்னுடைய முதல் அடையாள அட்டைப் படம் 1989இல் எடுத்தது. அப்போது பதினாறு வயதில்தான் அட்டை, இப்போது பதினைந்தில். மன்னாரில் ஒரு ஸ்டூடியோ, பெயர் வேண்டாம். முதலாளி தன் இரண்டு விரலால் என் நாடியைத் தூக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, “அசையாதை” என்றார். பளிச். உதடு ஒட்டி, புருவம் நேராக, கண் பயந்தும் பயப்படாமலும், மீசை இன்னும் வராத ஒரு முகம் அட்டையில் ஏறியது. அந்த முகத்தோடுதான் அடுத்த இருபது வருடம் பயணம் செய்தேன். வடக்குக் கிழக்கில் தந்த அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருக்கும், மற்றப் பக்கங்களில் சிங்களம் மட்டும். ஆகவே அட்டையை நீட்டும்போதே ஊர் தெரிந்துவிடும். மிச்சம் சரிபார்க்க வேண்டியது முகம் ஒன்றுதான். சீருடையில் நிற்பவன் அட்டையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், மறுபடி அட்டையைப் பார்ப்பான். அந்த இரண்டாவது முறை அட்டையைப் பார்க்கிற நேரம் இருக்கிறதே, அதற்குள் நான் பதினாறு வயதுக்குப் போய்விடுவேன். உதடு ஒட்டும். புருவம் நேராகும். மதவாச்சிச் சோதனைச்சாவடியில் வாகனத்தை விட்டிறக்கிச் சாமானெல்லாம் கொட்டிச் சோதித்த காலத்தில், 2008இல், கொழும்புக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டி வந்தது. அட்டையில் மீசை இல்லை என்பதற்காக முதல்நாள் இரவு மீசையை மழித்தேன். மற்ற ஊரில் முகத்தைப் போலப் படம் எடுப்பார்கள், நாங்கள் படத்தைப் போல முகம் வைத்திருந்தோம்.

இப்போது அந்த அட்டை இல்லை. 2016இலிருந்து அட்டை எண்ணே பன்னிரண்டு இலக்கமாகிவிட்டது. மதவாச்சியைத் தாண்டும்போது வான் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. ஆனால் கறுப்பாக, வட்டமாக, ஒன்று முகத்துக்கு நேரே உயர்ந்தால் உதடு தானாக ஒட்டிக்கொள்கிறது. கமரா முன் பதற்றம் என்று சொல்கிறார்கள். எனக்குப் பதற்றமே இல்லை, பதறாமல் நிற்பதற்குத்தானே இவ்வளவு காலம் பழகியது. கோளாறே அதுதான்.

மருமகனிடம் இதில் பாதிதான் சொன்னேன். அவன் சண்டை முடிந்தபோது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிள்ளை. கொஞ்சநேரம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “அப்ப நான் கேள்வி கேக்கேல்லை. நீங்கள் என்னைக் கேளுங்கோ” என்றான்.

இதுதான் இந்த வழிகாட்டியில் உருப்படியான ஒரே யோசனை, அதுவும் என்னுடையதில்லை. கமராவுக்குப் பின்னால் நிற்பவரை நீங்கள் விசாரியுங்கள். எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய், பையில் என்ன. கேள்வி கேட்கிறவன் உதடு ஒட்டாது. நான் கேட்டேன்: “அந்தக் கற்பிட்டிப் பிள்ளைக்கு நேற்று இரவு பன்னிரண்டு மணிக்கு என்ன மெசேஜ் அனுப்பினாய்?”

முகம் சிவந்துவிட்டான். நான் சிரித்தேன், டுஷேன் பார்த்திருந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கண், கன்னம், காது எல்லாம் சிரித்தது. அவன் வெட்கத்தில் கமராவை அமத்த மறந்துவிட்டான்.

சனத்தைச் சமாளித்தல்

ஒருவர் கமரா முன்னால் நிற்பதைக் கண்டால் நம் ஆட்கள் மற்ற வேலையை நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கொரு ஆலோசனை. “வயித்தை எக்கச் சொல்லு.” “அந்தாளுக்குக் கழுத்தே இல்லையடா.” நம்மைச் சட்டை செய்யாத ஒரே ஜீவன் அந்தப் பக்கத்தில் அலையும் கழுதை. அது பின்னணியில் வந்து நின்றது, அந்தப் படத்தில் அதுதான் இயல்பாக இருக்கிறது.

வேடிக்கை பார்த்தவர்களையெல்லாம் சேர்த்து நிறுத்தி ஒரு குடும்பப் படம் எடுத்துவிட்டால் கலைந்து போவார்கள். அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் கண்டுபிடித்து 2006இல் இக் நோபல் பரிசு வாங்கினார்கள். இருபது பேருக்குக் குறைந்த கூட்டமானால், நல்ல வெளிச்சத்தில் ஆள்தொகையை மூன்றால் வகுத்து அத்தனை படம் எடுத்தால், யாரும் கண் மூடாத ஒன்று அநேகமாகக் கிடைக்கும். நாங்கள் பதினான்கு பேர், ஐந்து படம். ஐந்திலும் சித்தப்பா மூடியிருந்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. அந்த ஆய்வில் அதற்கு இடமில்லை.

எந்தப் படத்தை அனுப்புவது

நீங்கள் தெரிவு செய்யாதீர்கள், முதலில் சொன்ன 1977 விவகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களிடம் கொடுங்கள். நான் மூன்றை ஒதுக்கி மனைவியிடம் கொடுத்தேன். வாய் கொஞ்சம் திறந்து யாரையோ கூப்பிடப் போவது போல் இருந்த ஒன்றை எடுத்தாள். “இதுதான் நீங்கள்.” மூன்றையும் கம்பனிக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. சந்தேக ஆமையையும் மனைவியின் தெரிவையும் விட்டுவிட்டு, உதடு ஒட்டிப் புருவம் நேராக நின்றதை எடுத்திருந்தார்கள். மிகவும் நம்பிக்கை தரும் தோற்றமாம். இப்போது இணையத்தளத்தில் அதுதான் இருக்கிறது, வட்டத்துக்குள், மெல்லிய நீலப் பின்னணியில்.

கடைசியாக, அம்மாவைப் பக்கத்தில் விடாதீர்கள்

தலவிலவில் அன்று பின்னேரம், சூரியன் கடலில் இறங்க இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும், ஆறு மணி. என்னை விட்டுவிட்டு மருமகன் கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, நான் இருந்த அதே பிளாஸ்ரிக் கதிரையை நிழலுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வயது எழுபத்தெட்டு. யாரும் அழைக்கவில்லை. சேலைத் தலைப்பை ஒருமுறை இழுத்துவிட்டார். செபமாலையைக் கையிலிருந்து கழற்றி மடியில் வைத்தார்.

“என்னையும் ஒண்டு எடு.”

“சிரியுங்கோ அம்மம்மா.”

“தேவையில்லை. சாடையா இருந்தால் போதும்.”

அவன் குனிந்து பார்த்தான். “கண்ணாடியிலை வெளிச்சம் அடிக்குது. ஒருக்கால் கழட்டுங்கோ.”

“கழட்டினால் ஆக்கள் என்னை மட்டுக்கட்டாயினம்.”

“ஆர் ஆக்கள்?”

“வாறவை.”

அவன் என்னைப் பார்த்தான். நான் ரெஜிபோம் மூடியை எடுத்துக்கொண்டு போய் அவர் நாடிக்குக் கீழே பிடித்தேன். அம்மா மூக்கைச் சுளிக்கவில்லை. மீன் மணம் அவருக்கு மணமே இல்லை. கண்ணாடியின் கால்களைக் காதுக்குமேல் இம்மியளவு தூக்கி வைத்தால் வெளிச்சம் கீழே விழுந்துவிடும் என்று மருமகன் சொல்ல, அப்படியே தூக்கி வைத்தார். கமராவை நேரே பார்த்தார், கதவைத் திறந்து வந்தது யாரென்று பார்ப்பது போல.

ஒரே ஒரு படம். திரையில் காட்டினான். ஒரு கணம் பார்த்தார்.

“காணும். பெரிசாக்கேக்கை அந்தக் கழுதையை வெட்டிவிடு” என்று சொல்லிவிட்டு, சோறு குழையப் போகிறது என்று எழும்பிப் போனார்.